காலையில் 7.7, மாலையில் 8.1: பவளத் தொட்டியின் பிஎச் அலைபாயும்போது

டிசம்பர் மாதம் அக்கா மகளின் காதுகுத்துக்காகத் தர்மபுரியிலிருந்து உறவினர்கள் எட்டுப் பேர் வந்து, பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினார்கள். ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தார்கள். கொசு வரும் என்று மாலை ஆறு மணிக்கே சன்னல்களைச் சாத்தினோம். குளிருக்காகப் பால்கனிக் கதவையும் சாத்தினோம். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, ஹாலின் மூலையில் இருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியின் பிஎச் மீட்டரைப் பார்த்தேன். பிஎச் என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது. 7.66 என்று காட்டியது. வழக்கமாக அந்த நேரத்தில் 7.9-க்குப் பக்கத்தில் இருக்கும். முந்தைய நாள் நான் தண்ணீரில் எதையும் சேர்க்கவில்லை. மீன்கள் நலமாகவே இருந்தன, எதுவும் சாகவில்லை. நான் டார்ச் அடித்து, தொட்டிக்குக் கீழே கருவிகள் இருக்கும் சிறு தொட்டியான சம்பைக் குடைந்துகொண்டிருந்தபோது பெரியப்பா எழுந்து, பால்கனிக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனார். ஒன்பது மணிக்குள் மீட்டர் 7.95-க்கு ஏறிவிட்டது. அந்தக் காலைப் பொழுதில் தொட்டிக்கு வேறு எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை.

பிஎச் ஆடத் தொடங்கினால் நாம் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரை. இந்த ஊரின் அடுக்குமாடி வீடுகளில் நான் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு மேல், கோளாறு வீட்டுக் காற்றில் இருந்தது. அதனால்தான் இந்த வழிமுறையில் காற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அடிப்படை இவ்வளவுதான். கடல்நீரின் பிஎச்சைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஆல்கலினிட்டி, அதாவது அமிலம் சேரும்போது தாங்கிக்கொள்ளும் தெம்பு. இன்னொன்று நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு. ஆல்கலினிட்டி மாறாமல் கரியமில வாயு மட்டும் இரட்டிப்பானால் பிஎச் சுமார் 0.3 இறங்கும். பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழலை வைத்து ஊதினோமே, அது பால்போல் வெளுத்ததே, அந்தச் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் இரவு முழுக்க மூச்சு விடும் அறையில், உங்கள் தொட்டியும் அந்தக் குவளை நீரைப் போலத்தான் நிற்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, இருக்கிறது. சன்னல் சாத்திய படுக்கையறையில் விடிவதற்குள் அது 1000 பிபிஎம்மை எளிதாகத் தாண்டும்.

எந்த அளவைக் குறிவைப்பது? கடல் மேற்பரப்பின் சராசரி இன்று ஏறத்தாழ 8.1. வீட்டுத் தொட்டி 7.8-க்கும் 8.4-க்கும் நடுவே நின்று, ஒரு நாளுக்குள் 0.3-க்கு மேல் ஆடாமல் இருந்தால் நான் எதையும் தொடமாட்டேன். 8.3 என்ற எண்ணைப் பிடித்தே தீருவேன் என்று மருந்து ஊற்றி ஆல்கலினிட்டியைக் குலைத்தவர்களின் தொட்டிகளைவிட, நாள்தோறும் ஒரே சீராக 7.9 காட்டும் தொட்டிகள் செழிப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் தொட்டியில் இருப்பவை லெதர், மஷ்ரூம், சோயாந்திட் போன்ற மென்பவளங்களும் இரண்டு கோமாளி மீன்களும்தான். பாறைபோல் வளரும் கடினப் பவளங்கள் 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் இணையான பாதுகாப்பில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்தது என்று யாராவது விலை குறைவாக நீட்டினால் வாங்காதீர்கள். அந்தப் பவளத் திட்டுகளுக்கு ஏற்கெனவே போதுமான துன்பம் இருக்கிறது.

எதைச் செய்தாலும் எண் நகரவில்லை, அல்லது மணிக்கொரு எண் காட்டுகிறது

மீட்டரைச் சோதித்த பிறகே தொட்டியைச் சோதியுங்கள். மீட்டரின் முனையில் நீருக்குள் இருக்கும் பிஎச் ப்ரோப் தேயும் பொருள். ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை உழைக்கும். பிஎச் 7, 10 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் மாதம் ஒருமுறை அளவுதிருத்தம் செய்யுங்கள். நம் தொட்டி 8-ஐ ஒட்டி இருப்பதால் 4 பஃபர் இதற்குத் தேவையில்லை. 10 பஃபர் திறந்து கிடந்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித் தானே இறங்கிவிடும். பாதி காலியான பழைய புட்டியை நம்பித் திருத்தம் செய்தால் மீட்டர் நிரந்தரமாகத் தவறும். ப்ரோப்பின் கண்ணாடிக் குமிழில் பாசியோ ஊதாப் படலமோ படிந்திருந்தால் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கழற்றி வைக்கும்போது ஆர்ஓ நீரில் ஊறவிடாதீர்கள். அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் வைத்திருப்பவர்கள் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஹாலின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சாயலும் ஒன்றுபோலவே தெரியும்.

காலையில் குறைவு, மாலையில் சரியாகிவிடுகிறது

இது பெரும்பாலும் நோயே அல்ல. விளக்கு எரியும்போது பவளங்களுக்குள் வாழும் நுண்பாசிகளும் மற்றப் பாசிகளும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன, பிஎச் ஏறுகிறது. விளக்கு அணைந்ததும் எல்லா உயிர்களும் மூச்சு மட்டுமே விடுகின்றன, பிஎச் இறங்குகிறது. விளக்கு எரிவதற்குச் சற்று முன்பு மிகக் குறைவாகவும், அணைவதற்குச் சற்று முன்பு மிக அதிகமாகவும் இருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒருமுறை அளப்பவர்களுக்கு உண்மை தெரியாது. மூன்று நாட்கள் காலை, மதியம், இரவு என்று அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு, அன்று சன்னல் திறந்திருந்ததா, வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் உதவியது இந்தப் பத்திதான்.

ஏற்ற இறக்கம் 0.3-க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். 0.4, 0.5 என்று விரிந்தால் தொட்டிக்கும் காற்றுக்கும் இடையே வாயுப் பரிமாற்றம் போதவில்லை, அல்லது ஆல்கலினிட்டி குறைந்திருக்கிறது. மேல்மட்டத் தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் நின்றால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரைச் சற்று மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கலக்குங்கள். தொட்டியின் மேல் இறுக்கமான கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். இந்த இரண்டு வேலைக்கும் காசே ஆகாது.

ஆல்கலினிட்டி 8, 9 இருக்கிறது. பிஎச் மட்டும் 7.9-ஐத் தாண்டுவதில்லை

பெங்களூரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஆல்கலினிட்டி 7 முதல் 10 டிகேஎச்சுக்குள் (டிகேஎச் என்பது ஆல்கலினிட்டியின் அலகு) இருந்தும் பிஎச் நாள் முழுக்கத் தாழ்ந்தே கிடந்தால், நீரில் கரியமில வாயு மிகுந்திருக்கிறது. அது தொட்டியிலேயே தேங்குகிறதா, அறையிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமும் இரண்டு டம்ளரும் போதும்.

காலையில் விளக்கு எரிவதற்கு முன்பு இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தொட்டி நீரை எடுத்துப் பிஎச்சை அளந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளரைத் தொட்டியின் பக்கத்திலேயே வைத்து, சிறிய ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போட்டுக் குமிழ் விடுங்கள். இன்னொன்றைப் பம்போடு சேர்த்துப் பால்கனிக்குக் கொண்டுபோங்கள். பம்பு வீட்டுக்குள் இருந்துகொண்டு குழாய் மட்டும் வெளியே போனால் சோதனை வீண், ஏனென்றால் அது இழுப்பது வீட்டுக் காற்றைத்தான். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள்.

நான் துளசிச் செடியின் அருகே டம்ளரை வைத்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து, செய்தித்தாளையும் முடித்துவிட்டு வந்து அளந்தேன். தொடக்கத்தில் இரண்டும் 7.82. வீட்டுக்குள் இருந்த டம்ளர் 7.86-க்கு வந்திருந்தது. பால்கனி டம்ளர் 8.14. ஒரே தண்ணீர், ஒரே ஆல்கலினிட்டி, வேறு காற்று. அந்த இரண்டு டம்ளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், இரண்டு ஆண்டுகளாகத் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன் என்பது புரிந்தது.

பலனை இப்படிப் படியுங்கள். இரண்டு டம்ளரும் நன்றாக ஏறினால் வீட்டுக் காற்றில் பழுதில்லை. தொட்டிக்குள் காற்று போதுமான அளவு கலக்கவில்லை. காற்றுக் குமிழ்களை விட்டு நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரைச் சுத்தம் செய்து, மேற்பரப்பு அசைவைக் கூட்டுங்கள். வெளி டம்ளர் மட்டும் ஏறினால் அறைக் காற்றுதான் காரணம். இரண்டுமே அசையாவிட்டால் ஆல்கலினிட்டி அளவை மீண்டும் சரிபாருங்கள், கிட் காலாவதியாகி இருக்கலாம்.

காரணம் அறைக் காற்று என்றால், நம் வீட்டுப் பழக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஊரில் ஏசி இல்லாத வீடுகளே அதிகம் என்பதால் காற்று நன்றாக வரும் என்று நினைக்கிறோம். ஆனால் கொசுவுக்காக மாலையில் எல்லா வீடுகளிலும் சன்னல் மூடப்படுகிறது. சரியாக அந்த நேரத்தில் சமையலறையில் காஸ் அடுப்பு எரிகிறது. எரியும் காஸ் கரியமில வாயுவாகவே வெளியேறுகிறது. ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில் அது நேராகத் தொட்டியின் மேல் வந்து தங்குகிறது. ஸ்பிளிட் ஏசி இருக்கும் வீடுகளில் அது உள்காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றை நண்பரிடம் வாங்கி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு முறையில் நேரடியாக அளக்கும் வகையாக இருக்க வேண்டும். மற்ற வாயுக்களை வைத்து உத்தேசமாகக் கணக்கிட்டுச் சொல்லும் மலிவான கருவியின் எண்ணை நம்ப முடியாது.

முதல் வைத்தியம், சன்னலுக்குக் கொசு வலை அடித்து இரவும் திறந்து வைப்பது. பலருக்கு அதிலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

அது முடியாத வீட்டில், ஸ்கிம்மர் உறிஞ்சும் காற்றை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். நான் செய்தது இது. ஹார்ட்வேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்குவார்களே, அந்த ஒளி ஊடுருவும் குழாயில் ஆறு மீட்டர் வாங்கினேன். ஸ்கிம்மரின் காற்று வாயைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். குறுகலான நீண்ட குழாய் காற்றை நெருக்கி, ஸ்கிம்மரின் நுரையைக் குறைத்துவிடும். அதைச் சம்பிலிருந்து சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சன்னல் வலையின் ஓரத்தில் வெளியே எடுத்தேன். வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போடவில்லை. வெளிமுனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் மழை குழாய்க்குள் இறங்கும். முனையில் நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் எறும்பு வராது. மாட்டிய பிறகு ஸ்கிம்மரின் நீர்மட்டத்தை மீண்டும் ஒருமுறை சரிசெய்யுங்கள். என் தொட்டியில் விடியற்கால அளவு மூன்றாவது நாளில் 7.98 ஆனது, அதன்பின் 7.95-க்குக் கீழே வெகு அரிதாகவே போயிருக்கிறது.

இதில் ஓர் அபாயம் உண்டு. கொசு மருந்துகளில் பயன்படும் பைரித்ராய்டு வகை இரசாயனங்கள் மீன்களுக்கும், அதைவிட இறால் நண்டு வகைகளுக்கும், கொடிய நஞ்சு. மாநகராட்சியின் கொசுப் புகை வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டதும் வெளிக்குழாயைக் கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஸ்கிம்மர் உள்காற்றை இழுத்தால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் கொசுவிரட்டும் திரவத்தைத் தொட்டி இருக்கும் அறையில் செருகவே வேண்டாம்.

சன்னலும் எட்டாத இடத்தில் தொட்டி இருந்தால் சோடா லைம் நிரப்பிய குப்பி ஒன்றை ஸ்கிம்மரின் காற்று வாயில் மாட்டலாம். அந்த மணிகள் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு, தீர்ந்ததும் நிறம் மாறும். நன்றாக வேலை செய்யும். ஆனால் அறைக் காற்று மோசமாக இருந்தால் விரைவில் தீரும், செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே திரும்பக் குப்பிக்குள் விட்டால் மணிகள் கூடுதல் நாள் வரும்.

சம்பில் இடம் இருப்பவர்கள் கீட்டோ என்ற கம்பிச் சுருள் போன்ற பச்சைப் பாசியை வளர்த்து, பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு அதற்கு விளக்கு போடுங்கள். இரவில் மற்ற உயிர்கள் விடும் கரியமில வாயுவை அது பகல் என்று எண்ணி உண்ணும். மெதுவான வைத்தியம், எனக்குப் பிடித்த வைத்தியம். நைட்ரேட்டும் கூடவே குறையும்.

பிஎச் உயர்த்தும் மருந்து ஊற்றினால் ஏறுகிறது, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறது

ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் புட்டிகளிலும் பொடிகளிலும் பெரும்பாலும் இருப்பது கார்பனேட், பைகார்பனேட், சிலவற்றில் போரேட். ஊற்றியவுடன் பிஎச் துள்ளும். பிறகு அறைக் காற்றிலிருந்து கரியமில வாயு கரைந்து பழைய இடத்துக்கு இழுத்துவிடும். பிஎச் இறங்கினாலும் ஊற்றிய ஆல்கலினிட்டி நீரிலேயே தங்கிவிடும். மறுநாள் மீண்டும் ஊற்றினால் அதன்மேல் இன்னும் சேரும்.

ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று வாரம் இப்படி ஊற்றிவிட்டு என்னை அழைத்தார். பிஎச் 7.9-லேயே நின்றது. ஆல்கலினிட்டியை அளந்தோம், 14 டிகேஎச். ஹீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தோம். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் உப்புப் பொருக்கைப்போல வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. பம்பின் சுழலியில் நறநறவென்று அதே பொருக்கு. நீரிலிருந்த கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துகொண்டிருந்தது. பம்பை வினிகரில் ஊறவைத்துக் கழுவினோம், மருந்தை நிறுத்தினோம், வாரத்துக்குப் பத்து சதவீதம் நீர் மாற்றினோம். ஆல்கலினிட்டி 9-க்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சன்னலைத் திறந்த அன்றே பிஎச் 8-ஐத் தாண்டியது.

பிஎச்சும் குறைவு, ஆல்கலினிட்டியும் குறைவு

இங்கே மருந்து தேவைதான். ஆல்கலினிட்டி 6 டிகேஎச்சுக்குக் கீழே இருந்தால் பிஎச்சை மறந்துவிட்டு ஆல்கலினிட்டியை உயர்த்துங்கள். 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்தச் சமையல் சோடா 3 கிராம் போதும். அதே வேலைக்குச் சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட், சுமார் 1.9 கிராம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சமையல் சோடா பிஎச்சை அந்த நேரத்துக்குச் சற்றே இறக்கும், சோடா ஆஷ் உயர்த்தும். பிஎச் தாழ்ந்திருக்கும் தொட்டிக்குச் சோடா ஆஷ் பொருத்தம். சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடா ஆஷ் ஆகிவிடும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். துணி வெளுக்கும் சோடாவில் வாசனையும் நுரைப்பொருளும் கலந்திருக்கலாம் என்பதால் அதுவும் வேண்டாம்.

ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் சிறுகச் சிறுக விடுங்கள். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்த வேண்டாம். கணக்குப் போடும்போது தொட்டியின் கொள்ளளவிலிருந்து பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழியுங்கள். என் 200 லிட்டர் தொட்டியில் உண்மையான நீர் 170 லிட்டர்தான்.

உயர்த்தினாலும் மீண்டும் மீண்டும் இறங்குகிறதா? ஊதா நிறச் சுண்ணப்பாசி பாறைமேல் வேகமாகப் பரவும் தொட்டியில் அது இயல்பு. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் ஆல்கலினிட்டியும் நிலைக்காமல் படிந்துபோகும்.

இப்படி நாள்தோறும் சிறிது குறைந்துகொண்டே வரும் தொட்டிக்கு நான் கொடுப்பது சுண்ணாம்பு நீர். பிஎச், கால்சியம், ஆல்கலினிட்டி மூன்றையும் ஒன்றாகத் தூக்கும் பொருள் இது. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு 1.5 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கலக்கி, மூடி வைத்து, தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுக்காதீர்கள், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. தெளிவின் பிஎச் 12-க்கு மேல் இருக்கும். கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு அரை லிட்டர் தெளிவு ஆல்கலினிட்டியைச் சுமார் 0.3 டிகேஎச் உயர்த்தும். மருத்துவமனையில் சலைன் இறங்குவதுபோல், இரவு பத்து மணி முதல் விடியும்வரை சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். பிஎச் மிகவும் தாழும் நேரத்தில் அது போய்ச் சேர்வது கூடுதல் நன்மை.

ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தானே சுண்ணாம்பு நீர் நிரம்பும்படி வைத்திருப்பவர்கள் பருவத்தைக் கவனியுங்கள். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று உலர்ந்து நீர் வேகமாக ஆவியாகும், சுண்ணாம்பும் அதிகம் இறங்கும். ஆகஸ்டு ஈரத்தில் இரண்டும் குறையும். ஆறு மாதத்துக்கு முன்பு வைத்த அளவு இன்றைக்குச் சரியாக இருக்காது.

8.5-ஐத் தாண்டி ஏறுகிறது

மாலையில் மட்டும் 8.5 தொட்டு இரவில் இறங்கினால் பாசி மிகுதி; பயப்படத் தேவையில்லை. சுண்ணாம்பு நீர் கொட்டிவிட்டது, மிதவை வால்வு சிக்கிக்கொண்டது, அதனால் 8.8, 8.9 என்று போகிறது என்றால் உடனே சொட்டை நிறுத்துங்கள். இங்கே மூச்சுக்காற்று மருந்தாகிறது. சன்னலைச் சாத்தி, ஸ்கிம்மரின் வெளிக்குழாயைக் கழற்றி, வீட்டுக் காற்றையே தொட்டிக்குக் கொடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சுவையோ சர்க்கரையோ உப்போ சேர்க்காத, குடிக்கும் வெறும் சோடா நீரை 100 லிட்டருக்கு 50 மில்லி என்ற அளவில் சம்பில் மெதுவாக ஊற்றி, அரை மணி கழித்து அளந்து பாருங்கள். வேறு அமிலத்தைத் தேடி ஓடாதீர்கள்.

தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தால் கால்சியம் கார்பனேட் படிகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்தபின் ஆல்கலினிட்டியை அளந்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அன்றே ஏற்ற முயலாமல் மறுநாள் தொடங்குங்கள்.

புதிதாகக் கலந்த உப்புநீரின் பிஎச் சரியில்லை

கலந்தவுடன் அளக்காதீர்கள். ஒரு நாள் பம்பு போட்டுச் சுழலவிட்டு, காற்றோடு சமநிலைக்கு வந்தபின் அளந்து பாருங்கள். ஆர்ஓ-டிஐ நீரின், அதாவது மீந்த உப்பையும் நீக்கி வடிகட்டிய ஆர்ஓ நீரின், பிஎச் 6 காட்டினாலும் கவலைப்பட வேண்டாம்; அதில் தாங்கும் உப்பே இல்லாததால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. காவிரித் தண்ணீர் என்றாலும் டேங்கர் தண்ணீர் என்றாலும் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்புகள் டேங்கருக்கு டேங்கர் மாறுகின்றன. வடிகட்டிய நீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும்.

ஒரே இரவில் சட்டென்று விழுந்துவிட்டது

முதலில் மீன்களைப் பாருங்கள். மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் கரியமில வாயு ஏறியிருக்கிறது என்பதோடு ஆக்சிஜனும் குறைந்திருக்கிறது. அளவு எடுப்பதை ஒத்திவைத்து, காற்றைக் கொடுங்கள். ஏர் ஸ்டோன், சம்பு பம்பு, கையில் குவளை எடுத்து நீரை மொண்டு மேலிருந்து ஊற்றுவது, எதுவானாலும் சரி.

காரணம் தேடும்போது எதாவது செத்துக் கிடக்கிறதா என்று பாறை இடுக்குகளில் பாருங்கள். ஒரு பெரிய நத்தை இறந்தாலே சிறிய தொட்டி தள்ளாடும். பாக்டீரியாவுக்கு உணவாக வினிகரோ வோட்காவோ சேர்ப்பவர்கள் அளவைக் கூட்டினீர்களா என்று யோசியுங்கள். பாக்டீரியா அதைத் தின்று கரியமில வாயுவையே விடுகிறது. கரியமில வாயுவைச் செலுத்திச் சுண்ணப் பொருளைக் கரைக்கும் கால்சியம் ரியாக்டர் இருந்தால் அதன் வாயு வால்வு மூடாமல் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

இந்த ஊரில் ஏப்ரல், மே மாத இடிமழை இரவுகளில் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். பம்பும் ஸ்கிம்மரும் நின்றால் வாயுப் பரிமாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு, நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. ஆகவே சென்னை நண்பர்கள் சொல்லும் நேரக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறிக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு வேவ் மேக்கருக்கும் இணைப்புக் கொடுங்கள், அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்பு ஒன்றைத் தொட்டியோடு வைத்திருங்கள்.

மின்சாரம் திரும்பி வந்ததும் மீட்டர் 7.6 காட்டினால் அதற்காக எதையும் ஊற்றாதீர்கள். பம்புகள் ஓடுகின்றனவா, ஸ்கிம்மர் நிரம்பி வழியவில்லையா என்று பார்த்துவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். அன்று காலை மீன்களுக்கு உணவு போட வேண்டாம். மதியத்துக்குள் பிஎச் தானாக ஏறவில்லை என்றால்தான் ஆல்கலினிட்டி கிட்டைக் கையில் எடுங்கள்.